வாக்குறுதிக்குத் தவணைத் தேதி உண்டா?

(உலகச் சுற்றுச்சூழல் தினத்தையொட்டி நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் பேசியதன் எழுத்து வடிவம்.)



வாசலில் நுழையும்போதே உங்கள் கையில் ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். "காடழிப்புக்குக் காரணமான பாமாயிலை இனி எங்கள் வீட்டில் பயன்படுத்த மாட்டோம்" என்று ஓர் உறுதிமொழி. கீழே பெயர், பிளாட் எண், கையெழுத்து. செயலாளர் நல்ல எண்ணத்தில்தான் அச்சடித்திருக்கிறார். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டேன். முப்பத்தாறு வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கையெழுத்து கேட்டால் தாளைத் திருப்பிப் பார்க்கிற புத்தி போக மாட்டேன் என்கிறது.

நான் காட்டு இலாகா ஆள் இல்லை. பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கும் வாக்குறுதியும்தான். அந்த இரண்டை வைத்துத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு பழைய சம்பவம். எண்பதுகளின் கடைசி. மதுரைக்குத் தெற்கே ஓர் எண்ணெய் மில்லுக்கு எங்கள் கிளையில் சரக்கின் பேரில் கடன் இருந்தது. சரக்கு அவர்கள் கோடவுனிலேயே இருக்கும். மாதாமாதம் "இவ்வளவு மூட்டை நிலக்கடலை இருக்கிறது" என்று ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுப்பார்கள். அதிகாரியோடு ஒரு கிளார்க் போய்ப் பார்த்து வர வேண்டும். நான் போவேன். நீளத்தில் 10 மூட்டை, அகலத்தில் 8, உயரத்தில் 6. பெருக்கினால் 480. ஸ்டேட்மெண்டிலும் 480. டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வருவோம்.

மூன்றாவது மாதம் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயசு. லோடுமேனைக் கூப்பிட்டு, "அந்த மூலையில் நாலு மூட்டையை இறக்குங்கய்யா" என்றார். இறக்கினார்கள். உள்ளே ஒன்றுமில்லை. சுற்றிலும் ஒரு வரிசை, மேலே பலகை போட்டு அதன் மேல் ஒரு வரிசை. நடுவில் வெறும் காற்று. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 480-ல் 240 மூட்டை இல்லை. சரிபாதி! முந்தைய இரண்டு மாத ஸ்டேட்மெண்டிலும் என் கையெழுத்து இருந்தது. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. பணத்தை நான் தின்னவில்லை. பொய்யும் சொல்லவில்லை. வெளி வரிசையை மட்டும் எண்ணினேன், அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

இப்போது பாமாயிலுக்கு வருவோம். உலகத்தில் அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்கிற நாடு நம் நாடு. அண்மை ஆண்டுகளில் வருஷத்துக்கு 75 லட்சம் டன்னிலிருந்து 1 கோடி டன் வரை வருகிறது. பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும். உலக உற்பத்தியில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் அந்த இரண்டு நாடுகளில்தான். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தி, மூன்று வாரம் கழித்துத் திறந்தது. அந்த மூன்று வாரமும் கீழமாசி வீதியில் எண்ணெய் விலை கேட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மலேசியா நமக்கு அந்நிய ஊரும் இல்லை. மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களில் மலாயாத் தோட்டத்துக்குப் போன தாத்தாவோ சின்னத் தாத்தாவோ இல்லாத வீடு குறைவு. அவர்கள் போனது ரப்பர் வெட்ட. அந்த ரப்பர்த் தோட்டங்களில் பல பிற்பாடு செம்பனைத் தோட்டங்களாக மாறின. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் சிலாங்கூரில் போடப்பட்டது. காட்டைத் திருத்தித் தோட்டம் போட்ட கைகளில் நம் ஆட்களின் கைகளும் உண்டு. ஆகவே "யாரோ எங்கேயோ காட்டை அழிக்கிறார்கள்" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

பெரிய அழிவு நடந்தது சுமத்ராவிலும் போர்னியோவிலும், கடந்த முப்பது நாற்பது வருஷத்தில். காட்டை வெட்டி, கரிச் சதுப்பு நிலத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிட்டு, தீ வைத்து நிலம் எடுத்தார்கள். அந்த மண் காய்ந்தால் மண்ணே எரியும். 2015-ல் இந்தோனேசியாவில் மட்டும் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. நஷ்டம் 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. புகை சிங்கப்பூர் வரைக்கும் போனது. அங்கே இருக்கும் உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் அந்த வருஷத்தைச் சொல்வார்கள்.

இனி வாக்குறுதிகளின் கதை.

2008-ல் யூனிலீவர் ஒரு வாக்குக் கொடுத்தது: 2015-க்குள் தாங்கள் வாங்கும் பாமாயில் முழுவதும் சான்றிதழ் பெற்றதாக இருக்கும் என்று. 2010-ல் நெஸ்லேயின் கிட்கேட் மிட்டாயை வைத்து கிரீன்பீஸ் இயக்கம் ஒரு வீடியோ வெளியிட்டது. சில வாரங்களில் நெஸ்லேயும் வாக்குக் கொடுத்தது. அதே வருஷக் கடைசியில், உலகத்தின் பெரிய நுகர்பொருள் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்த கன்ஸ்யூமர் குட்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு, சோயா, பாமாயில், மாட்டிறைச்சி, காகிதம் இவற்றால் வரும் நிகரக் காடழிப்பை 2020-க்குள் பூஜ்யமாக்குவோம் என்றது. 2013 டிசம்பரில் உலகின் மிகப் பெரிய பாமாயில் வியாபாரி வில்மர், தான் மட்டுமல்ல, தனக்கு எண்ணெய் விற்கிறவர்களும் காட்டை அழிக்கக் கூடாது என்று கொள்கை போட்டது. 2014 செப்டம்பரில் நியூயார்க்கில் அரசுகளும் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு பிரகடனம்: 2020-க்குள் இயற்கைக் காடுகளின் அழிவைப் பாதியாகக் குறைப்போம், 2030-க்குள் நிறுத்துவோம்.

2020 வந்தது. நடந்ததா? பாதியாகவில்லை. 2019-ல் வந்த ஐந்தாண்டு மதிப்பீடு, காடழிப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது என்றே சொன்னது. 2021-ல் கிளாஸ்கோவில் 100-க்கும் மேற்பட்ட நாடுகள் 2030 என்று மறுபடி கையெழுத்துப் போட்டன. இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வங்கியில் இதற்கு ஒரு பெயர் உண்டு. தவணை தேதியில் கடன் கட்டாதவருக்குப் புதுக் கடன் கொடுத்து, பழைய கடனை முடித்ததாக எழுதுவது. நோட்டும் புதுசு, தேதியும் புதுசு, லெட்ஜரில் எல்லாம் பச்சையாக இருக்கும். ஆனால் ஒரு பைசா உள்ளே வந்திருக்காது.

சரி, ஏன் தவறியது? எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கோடவுனில் நானும் ஏமாற்றுக்காரன் இல்லை. எண்ணிய விதம்தான் தப்பு.

செம்பனைப் பழக்குலை வெட்டிய ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். அதனால் ஓர் ஆலைக்குச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற எல்லாத் தோட்டத்துப் பழமும் வருகிறது. கம்பெனித் தோட்டத்துப் பழமும் வரும், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் பழமும் வரும், நடுவில் ஏஜென்ட் லாரியில் ஏற்றி வரும் பழமும் வரும். இந்தோனேசியாவில் செம்பனைப் பரப்பில் சுமார் 40 சதவீதம் சிறு விவசாயிகளுடையது. ஆலையில் எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்துவிடுகிறது. "எந்த ஆலையிலிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும்" என்று ஒரு கம்பெனி சொன்னால், அது வெளி வரிசை. "எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது" என்பதுதான் உள்ளே இருக்கும் மூட்டை.

சான்றிதழ் விஷயமும் அப்படித்தான். ஆர்.எஸ்.பி.ஓ. என்று 2004-ல் தொடங்கிய ஓர் அமைப்பு பாமாயிலுக்குச் சான்றிதழ் தருகிறது. உலக உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் அதிலும் தரம் பிரித்திருக்கிறார்கள். ஒரே தோட்டத்து எண்ணெயைத் தனியாகவே கொண்டு வருவது ஒரு வகை. சான்றிதழ் பெற்ற பல தோட்டத்து எண்ணெயை மட்டும் சேர்ப்பது ஒரு வகை. நல்லதையும் சாதாரணத்தையும் கலந்துவிட்டு, கணக்கில் மட்டும் பிரிப்பது இன்னொரு வகை. கடைசி வகையில் எண்ணெய் நகரவே வேண்டாம். எங்கேயோ ஒரு தோட்டம் ஒழுங்காக ஒரு டன் எடுத்தால் அதற்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டை மட்டும் கம்பெனி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். கையில் இருப்பது எந்த எண்ணெயாகவும் இருக்கலாம். யூனிலீவர் 2015 இலக்கை 2012-லேயே எட்டிவிட்டோம் என்றது பெரும்பாலும் இந்தச் சீட்டுகளின் மூலமாகத்தான்.

நீங்கள் மதுரையில் பணம் கட்டி டி.டி. எடுத்தால், சென்னையில் அதே நோட்டைத் தர மாட்டார்கள். வேறு நோட்டுதான் தருவார்கள். தப்பில்லை, ஏனென்றால் ஒரு ரூபாய்க்கும் இன்னொரு ரூபாய்க்கும் வித்தியாசம் கிடையாது. காட்டை அழித்து எடுத்த எண்ணெய்க்கும் அழிக்காமல் எடுத்த எண்ணெய்க்கும் வித்தியாசம் உண்டு அல்லவா? சீட்டினால் நல்ல தோட்டக்காரருக்குக் கொஞ்சம் பணம் போகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிற கம்பெனிக்குத் தன் தொட்டியில் இருப்பது எது என்று தெரியாது.

இத்தனையும் கேட்டு, வாக்குறுதி எல்லாமே வீண் என்று எழுந்து போய்விடாதீர்கள். பலித்த இடமும் உண்டு.

பிரேசிலில் அமேசான் காட்டை வெட்டிச் சோயா போட்டார்கள். 2006 ஜூலையில் பெரிய சோயா வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து, இந்தத் தேதிக்குப் பிறகு வெட்டிய நிலத்துச் சோயாவை வாங்க மாட்டோம் என்றார்கள். அந்தத் தேதியைப் பிறகு 2008 ஜூலை என்று தள்ளினார்கள், அது உண்மை. ஆனாலும் செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலம் நிலமாகச் சரிபார்த்தார்கள். ஒப்பந்தத்துக்கு முன்னால் அமேசானில் சோயா பரவிய நிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் புதிதாகக் காடழித்த நிலம். 2014 வாக்கில் அது 1 சதவீத அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் செராடோ புல்வெளிக் காட்டுக்கு இந்த ஒப்பந்தம் கிடையாது. அழிப்பு அங்கே தொடர்ந்தது. பூட்டு போட்ட அறையில் திருட்டு நின்றது, பூட்டாத அறையில் நடந்தது.

இந்தோனேசியாவிலும், செம்பனைக்காகக் காட்டை அழிப்பது 2012-ஐ ஒட்டி உச்சத்தில் இருந்தது. அடுத்த பத்து வருஷத்தில் வெகுவாகக் குறைந்தது. வியாபாரிகளின் வாக்கு மட்டுமே காரணம் இல்லை. 2011-லிருந்து அரசு புது அனுமதியை நிறுத்தியதும், இடையில் எண்ணெய் விலை விழுந்ததும் சேர்ந்து வேலை செய்தன.

பலித்த இடத்திலும் தவறிய இடத்திலும் பார்த்தால் வித்தியாசம் நாலே கேள்விதான். எந்தத் தேதிக்குப் பிறகு வெட்டியது கணக்கு? யார் போய்ப் பார்க்கிறார்கள்? எல்லோருமா, சிலர் மட்டுமா? தவறினால் என்ன ஆகும்? கடன் மனுவில் நாங்கள் பார்க்கிற அதே நாலு கேள்வி.

இது எங்கேயோ நடக்கிற விஷயம் என்று நினைத்தால், நம் ஊர் மலைக்கே வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் போட்டது. காபி, கோகோ, ரப்பர், பாமாயில், சோயா, மாடு, மரம் இந்த ஏழு சரக்கும், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததாக இருந்தால் உள்ளே வர முடியாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். தாண்டிக்குடியிலும் சிறுமலையிலும் மர நிழலில் காபி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டிவீரன்பட்டியில் காபி வியாபாரம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதிதான், அதிலும் ஐரோப்பாவுக்கு அதிகம். மரத்தை வெட்டாமல் காபி போட்டவர்தான் இன்றைக்குச் செல்போனில் தன் நிலத்தைக் குறித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அவருக்கு இது சிரமம். ஆனால் வாக்குறுதி சட்டமானால் கோடவுனுக்குள்ளே போய் எண்ணித்தான் ஆக வேண்டும் என்பதற்கு இது அடையாளம். அந்தச் சட்டத்துக்கும் தவணை தள்ளிப்போகிறது: 2024 டிசம்பர் என்றார்கள், பிறகு 2025, இப்போது பெரிய கம்பெனிகளுக்கு 2026 டிசம்பர் 30.

இப்போது நம் தாளுக்கு வருகிறேன்.

"பாமாயிலைப் பயன்படுத்த மாட்டோம்" என்று நாம் கையெழுத்துப் போடலாம். நம்மில் பலர் நல்லெண்ணெயும் மரச்செக்குக் கடலை எண்ணெயும் வாங்குகிறவர்கள். சமையலறையில் பாமாயில் கேனே இருக்காது. ஆனால் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்: "சமையல் தாவர எண்ணெய்" என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் பாமாயில் அல்லது பாமோலின் என்று இருக்கும். குளியல் சோப்பில் சோடியம் பாமேட் என்று இருக்கும். மிக்சர், சிப்ஸ், ஐஸ்கிரீம், ஷாம்பு, சாயங்காலம் முக்குக் கடையில் சாப்பிடுகிற வடை எல்லாவற்றிலும் உண்டு. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ராத்திரியே நாம் வாக்குத் தவறியவர்கள் ஆகிவிடுவோம். அது வெளி வரிசை மட்டும் அடுக்கிய மூட்டை.

இன்னொன்று. போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "ரேஷன் பாமாயில் வாங்குகிறவர்கள் காட்டை அழிக்கிறார்கள்" என்று போட்டிருந்தார். தயவுசெய்து அப்படிப் பேச வேண்டாம். 2007-லிருந்து நம் மாநிலத்தில் ரேஷனில் பாமாயில் கொடுக்கிறார்கள், லிட்டர் 25 ரூபாய். இங்கே படிக்கட்டுத் துடைக்கிற அக்காவுக்கும், கேட்டில் நிற்கிற அண்ணனுக்கும் மாதத்தின் பாதி அதில்தான் ஓடுகிறது. கடலை எண்ணெய் விலையை நாம் அவர்களுக்குக் கொடுக்கப் போகிறோமா? தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ ரேஷனில் கொடுங்கள் என்று நம் விவசாயிகள் கேட்கிறார்கள்; அது நியாயமான கோரிக்கை, அதை அரசிடம் கேட்போம். ஆனால் காட்டின் பாரத்தை அந்த அக்காவின் ஒரு லிட்டர் பாக்கெட்டின் மேல் ஏற்றக் கூடாது.

செம்பனையை மொத்தமாக ஒதுக்கினாலும் கணக்கு நேராகாது. ஒரு ஹெக்டேர் செம்பனை 3 முதல் 4 டன் எண்ணெய் தருகிறது. சோயாவும் கடலையும் ஒரு டன்னைக்கூட எட்டுவதில்லை. அதே எண்ணெய்க்கு வேறு பயிர் போட்டால் பல மடங்கு நிலம் வேண்டும். மத்திய அரசே 2021-ல் 11,040 கோடி ரூபாய்க்குச் செம்பனைத் திட்டம் அறிவித்தது. வடகிழக்குக்கும் அந்தமானுக்கும் முக்கியத்துவம். அது எந்த நிலத்தில் வருகிறது என்ற கேள்வி நமக்கும் வரும். ஆக, எண்ணெய் கெட்டதா நல்லதா என்று கேட்பதைவிட, எந்த நிலத்து எண்ணெய் என்று கேட்பதுதான் சரி.

ஐரோப்பாவில் கம்பெனிகள் பயந்தது வாங்குகிறவர்கள் கேட்டதால். அதிகமாக வாங்குகிற நாம் கேட்கவே இல்லை. அதனால் என் யோசனை, இந்தத் தாளைக் கிழித்துவிட்டுச் செய்ய முடிந்த மூன்றை எழுதுவோம்.

ஒன்று: நம் வீடுகளில் அதிகம் வாங்கும் இரண்டு பிஸ்கட், இரண்டு சோப்பு எது என்று பார்த்து, அந்தக் கம்பெனிகளுக்குச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் கடிதம். நாலே கேள்வி: இந்தியாவில் விற்கும் சரக்குக்கான பாமாயில் எந்தத் தோட்டம் வரைக்கும் உங்களுக்குத் தெரியும்? எந்தத் தேதிக்குப் பிறகு அழித்த நிலத்தை ஒதுக்குகிறீர்கள்? சரிபார்ப்பது யார்? தவறிய சப்ளையரை என்ன செய்தீர்கள்? பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த இதழில் போடுவோம்.

இரண்டு: நம்மில் பலர் பங்கு வைத்திருக்கிறோம். செபி உத்தரவுப்படி, சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் நிலைத்தன்மை அறிக்கை கொடுக்க வேண்டும். மூலப்பொருளில் எத்தனை சதவீதம் நிலையான முறையில் வாங்கினீர்கள் என்று அதில் ஒரு கேள்வியே இருக்கிறது. டிவிடெண்ட் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடாமல், அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை புரட்டுங்கள்.

மூன்று: தீபாவளிக்கு ஊழியர்களுக்குச் சங்கம் இனிப்பு, காரம் வாங்குகிறது. கொட்டேஷனில் எந்த எண்ணெய் என்று எழுதித் தரச் சொல்வோம். கடலை எண்ணெய் என்றால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலைச் சங்கம் ஏற்கட்டும். அவர்கள் தட்டில் அளவு குறையக் கூடாது.

இதற்குத் தேதி தீபாவளி. சரிபார்க்கிறவர் நம் தணிக்கையாளர். செய்யாவிட்டால் பொதுக்குழுவில் எழுந்து கேட்கலாம். முதல் ஆளாக என்னைக் கேளுங்கள், கடிதம் எழுதுகிற வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கோடவுனில் மூட்டையை இறக்கச் சொன்ன சின்ன வயது அதிகாரியை இன்றும் நினைத்துக்கொள்வேன். அவர் சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. நாலு மூட்டையை இறக்கச் சொன்னார். நாமும் அவ்வளவுதான் செய்யப் போகிறோம்.



(கூட்டத்தின் முடிவில் உறுதிமொழித் தாள் திரும்பப் பெறப்பட்டது. மேற்கண்ட மூன்று யோசனைகளும் செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும். - செயலாளர்)